எலிக்கு எங்கே சாப்பாடு

"வீடு பூரா எலி, அம்மா," என்றார் கோமதிநாயகம்.

பூரணத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏதாவது வழி சொல்லுங்கம்மா."

"எலிக்கு என்கிட்ட என்ன வழி இருக்கு அண்ணாச்சி? நான் வேதாந்தமாவது ரெண்டு வார்த்த பேசுவேன்."

"மடத்துல பதினெட்டு வருசம் சமையல் பாத்திருக்கிய. உங்களுக்குத் தெரியாத எலியா?"

அதற்குத்தான் சிரித்தார்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று, குருவுக்கு நாற்பத்து மூன்று. இதைக் கேட்டு மூக்கில் விரல் வைக்கிறவர்கள் வைக்கட்டும். குற்றாலத்து மலையடிவாரத்தில் இருக்கிற அந்தச் சின்ன மடத்தில் குருவாக இருந்த பெரியசாமி காலமான பிறகு, கேள்வி கேட்டுப் பழகிய ஜனங்களுக்குக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. அடுப்படியில் இந்த அம்மா இருந்தார். கேட்டுப் பார்த்தார்கள். பதில் உருப்படியாக இருந்தது. அவ்வளவுதான் பட்டாபிஷேகம்.

கோமதிநாயகம் பஸ் கண்டக்டராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். மனைவி ஆவுடையம்மா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் மடத்துக்கு வருவார். காய் நறுக்குவார், தண்ணீர் இறைப்பார், மத்தியானம் அங்கேயே சாப்பிடுவார். காலைக்கும் ராத்திரிக்கும் கடை இட்லி.

"எலி எப்ப வந்துச்சு?" என்றார் பூரணத்தம்மா.

"அது ஒரு ரெண்டு வருசமா இருக்கு."

"ரெண்டு வருசமா இருக்கிற எலிக்கு இன்னைக்கு என்ன அவசரம்?"

கோமதிநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மொத்தமாகக் கொட்டினார்.

ஒரே மகள் செண்பகம். கல்யாணமாகி ஒரு வருஷம். இப்போது ஏழு மாதம். வருகிற புதன்கிழமை வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வர வேண்டும். எதிர்வீட்டுப் பெண் கூடமாட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். எல்லாம் கூடி வந்தது. நேற்று சம்பந்தியம்மா ஒரு எட்டு வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்.

"வந்து?"

"தூளி கட்டுறதுக்கு ஆவுடையோட பழைய நூல்சேலை ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன். அத எடுத்துக் காட்டுனேன். பிரிச்சா, நடுவுல கை நுழையுற அளவு ஓட்டை. அந்த ஓட்டை வழியா ஒரு எலி எட்டிப் பாத்துட்டு குதிச்சு ஓடுது."

பூரணத்தம்மாவின் கை நின்றது.

"அந்தம்மா என்ன சொன்னாவ?"

"பச்சப் பிள்ளைய கடிச்சு வச்சிருச்சுன்னா யாரு பொறுப்புன்னாவ. செவ்வாய்க்கிழமை மறுபடி வருவேன், ஒரு எலி இருந்தாலும் பிள்ளைய அனுப்ப மாட்டேன்னுட்டாவ."

"சரியாத்தான சொல்லிருக்காவ."

"சரியாத்தான் சொன்னாவ. அதனாலதான் பதில் பேச முடியல."

"செண்பகம் என்ன சொல்லுது?"

"போன் பண்ணினேன். சரிப்பான்னா. வேற ஒண்ணும் சொல்லல." அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "தாயில்லாத பிள்ள. தகப்பன் வீடும் இல்லன்னு ஆயிருச்சுன்னா அவளுக்கு யாரு இருக்கா?"

பூரணத்தம்மா கீரைத்தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"என்னெல்லாம் செஞ்சு பாத்திய?"

"பொறி வச்சேன். மசால்வடை வச்சேன், தொடல. தேங்காச்சில்லு சுட்டு வச்சேன், தொடல. நெத்திலிக் கருவாடு வச்சேன். தெருப்பூனை பூரா வாசலுக்கு வந்துச்சே தவிர, எலி வரல. ஒட்டுற அட்டை வாங்கி வச்சேன். அதுல என் செருப்புதான் ஒட்டுச்சு."

"வடைய ஏன் தொடல?"

"விவரமான எலி போல."

"எலிக்கு விவரமெல்லாம் வயித்துலதான் அண்ணாச்சி. பசிச்சா வந்துரும்."

"அப்ப அதுகளுக்குப் பசியே இல்லங்கியளா?"

"வீட்டுல அரிசி, பருப்பு எப்படி வச்சிருக்கிய?"

"எல்லாம் எவர்சில்வர் தூக்குல, மூடி போட்டு. நான் வீட்டுல சாப்பிடுறதே கிடையாதே. சிந்துறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப எலிய விடுங்க. அதுக எங்க சாப்பிடுதுன்னு பாத்துட்டு வாங்க."

இதுதான் அன்றைய உபதேசம். கோமதிநாயகத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. மந்திரித்த விபூதியாவது கிடைக்கும் என்று வந்த மனுஷன்.



மறுநாள் வெள்ளிக்கிழமை, காலையிலேயே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது.

"வீட்டக் கவுத்துப் போட்டுப் பாத்தேன். பரண் மேல ஏறினேன். கட்டிலுக்கு அடியில படுத்துப் பாத்தேன். சாக்கு, பழைய பேப்பர் அத்தனையும் வெளிய போட்டேன். ஒரு பருக்கை கிடையாதும்மா."

"எல்லா இடமும் பாத்தியளா?"

"பாத்தேன்."

"எல்லா இடமும்?"

கோமதிநாயகம் தன் கால் பெருவிரலைப் பார்த்தபடி, "பாத்தேன்," என்றார்.

முப்பது வருஷம் டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்த ஆள். தன் மூஞ்சி என்ன சொல்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

"சாயங்காலம் நான் வாரேன்," என்றார் பூரணத்தம்மா.

"நீங்க எதுக்கும்மா அலைஞ்சுக்கிட்டு?"

"எனக்கும் உங்க எலியப் பாக்கணும்போல இருக்கு."



நாலு மணிக்கு வந்தார். முன்னறை, அடுப்படி, பின்கட்டு எல்லாம் நடந்து பார்த்தார். வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. அடுப்படி மேடையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். தூசிகூட இல்லை.

கடைசியில் ஒரு சாத்திய கதவு.

"இது?"

"அது ஆவுடை இருக்கிற ரூம்."

"திறங்க."

கோமதிநாயகம் தயங்கினார். பிறகு கதவை மூன்று தடவை மெதுவாகத் தட்டினார். கொஞ்சம் நின்றார். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளை நீக்கினார்.

நம் பக்கத்தில் செத்தவர்களுக்குப் படையல் போட்டால், கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமாம். திறக்கும்போது தட்டிவிட்டுத் திறப்பார்கள். அந்தத் தட்டுதான் இது.

உள்ளே ஒரு கட்டில், ஒரு பீரோ. சுவரில் ஆவுடையம்மா படம், வாடாத மாலை. படத்துக்குக் கீழே தரையில் ஒரு வாழையிலை, ஒரு டம்ளர் தண்ணீர்.

இலை காலியாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கறிவேப்பிலையும் ரெண்டு மிளகாய் வத்தலும் கிடந்தன.

"நேத்து வச்சது," என்றார் கோமதிநாயகம். அவர் முகம் மாறியிருந்தது. பெருமை மாதிரி ஒன்று அதில் இருந்தது. "தினமும் சாயங்காலம் சமைச்சு இவளுக்கு ஒரு இலை போட்டுருவேன். கதவச் சாத்திட்டு வந்துருவேன். காலைல பாத்தா ஒரு பருக்கை இருக்காது. ரெண்டு வருசத்துல ஒரு நாள்கூட மிச்சம் வச்சதில்லம்மா. கறிவேப்பிலையும் வத்தலும் மட்டும் ஒதுக்கிருவா. உசிரோட இருக்கும்போதும் இவ அப்படித்தான்."

பூரணத்தம்மா இலைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். இலையின் விளிம்பு பொடிப்பொடியாக அரித்திருந்தது. தரையில் கருப்பாகச் சின்னச்சின்னதாக ஏதோ சிதறிக் கிடந்தது.

அவர் அண்ணாந்து கோமதிநாயகத்தைப் பார்த்தார்.

கோமதிநாயகம் அவசரமாகப் போய் விளக்குமாறு எடுத்துவந்து கூட்ட ஆரம்பித்தார். "இன்னைக்கு எலி தேடுற மும்முரத்துல இந்தப் பக்கம் வரவே இல்ல," என்றார்.

"தினமும் கூட்டுவியளா?"

"தினமும் காலைல."

"என்னத்தக் கூட்டுவிய?"

விளக்குமாறு நின்றது.

பிறகு விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார். "கூட்டும்போது தெரியும். கூட்டி முடிச்சதும் தெரியாது."

பூரணத்தம்மா அவரைப் பேச விட்டார்.

"அன்னைக்குக் காலைல டூட்டிக்குக் கிளம்புறேன். புளிக்குழம்பு ஊத்தினா. ஒரு வாய் வச்சேன். இதெல்லாம் ஒரு குழம்பான்னு தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சேன். தட்டு சுவத்துல போய் இடிச்சுது. அவ ஒண்ணும் சொல்லல. நானும் திரும்பிப் பாக்கல. மூணாவது நடைக்கு செங்கோட்டை ஸ்டாண்டுல வண்டி நிக்குது, டைம் கீப்பர் ஓடி வாரான். வீட்டுக்குப் போங்கங்கான். வந்தா, நெஞ்சுவலின்னு சொல்லிக் கால் மணி நேரத்துல முடிஞ்சுதாம்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"பதினாறாம் நாள் படையல் போட்டாவ. எல்லாரும் போன பிறகு அன்னைக்குச் சாயங்காலம் நானே ஒரு இலை போட்டேன். புளிக்குழம்புதான் வச்சேன். கதவச் சாத்திட்டேன். திரும்பத் திறக்கத் தைரியம் இல்ல. அப்படியே விட்டுட்டேன். காலைல திறந்தா இலை காலி. நான் அழுதது தெருவுக்கே கேட்டுருக்கும். கோபம் தீந்துருச்சு, வந்து சாப்பிட்டுட்டான்னு நெனச்சேன்."

"சரி."

"அதுக்கப்புறம் எப்படிம்மா நிறுத்துவேன்? இன்னைக்கு நிறுத்தினா எலி போயிரும். என் மக வந்துருவா. ஆனா இவ? கோபத்துல போனவளப் பட்டினி போடச் சொல்லுதியளா?"

"இலைய நிறுத்துங்கன்னு நான் சொன்னேனா?"

கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு என்ன சமையல்?"

"புளிக்குழம்புதான். வேற எதுவும் எனக்கு வராது."

"போய்ச் சமைங்க."



சமைத்தார். பூரணத்தம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷம் சமைத்த கை சும்மா இருக்குமா, இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கப் போய் அடக்கிக்கொண்டார். கோமதிநாயகம் கரண்டியை ஒரு தடவைகூட நாக்குக்குக் கொண்டுபோகவில்லை. படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாது என்பது வழக்கம்.

புது இலை போட்டார். சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார், ஒரு அப்பளம் வைத்தார். சூடம் காட்டினார். வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"இனி எப்பத் திறப்பிய?" என்றார் பூரணத்தம்மா.

"விடிஞ்சு."

"உங்க அப்பாவுக்குத் திதி குடுப்பியள்லா?"

"வருசா வருசம்."

"அன்னைக்குக் கதவ எவ்வளவு நேரம் சாத்தி வைப்பிய?"

"ஒரு அஞ்சு நிமிசம். பிள்ளையெல்லாம் பசியோட இருக்கும்லா."

"அவருக்கு அஞ்சு நிமிசம். ஆவுடையம்மாவுக்கு மட்டும் விடிய விடியவா?"

கோமதிநாயகம் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

இரண்டு பேரும் கதவுக்கு வெளியே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"தட்டுங்க," என்றார் பூரணத்தம்மா.

"வேண்டாம்மா."

"ஏன்?"

"பயமா இருக்கு. திறந்தா இலை அப்படியே இருக்கும்."

"உங்க அப்பா இலை எப்படி இருக்கும்?"

"அப்படியேதான் இருக்கும்."

"அப்ப அவரு உங்க மேல கோபமா இருக்காரா?"

"சேச்சே. அவரு தங்கமான மனுசன்."

"எல்லா வீட்டுலயும் இலை அப்படியேதான் அண்ணாச்சி இருக்கு."

கோமதிநாயகம் அதை இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார் போலிருக்கிறது. உதடு அசைந்தது. எழுந்தார். மூன்று தடவை தட்டினார். திறந்தார்.

இலை அப்படியே இருந்தது. சோற்றில் இன்னும் ஆவி பறந்தது.

அவர் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷமாகப் பார்க்கப் பயந்ததைப் பார்த்தாகிவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. ஆவுடையம்மா படத்தில் எப்போதும் போலவே இருந்தாள்.

"இப்ப என்ன செய்யணும்?" என்றார், சின்னக் குரலில்.

"அப்பா திதியில கதவத் திறந்த பிறகு என்ன செய்விய?"

"அந்த இலைச் சோத்த வீட்டுல உள்ளவுக சாப்பிடுவோம்."

"இந்த வீட்டுல உள்ளது யாரு?"

கோமதிநாயகம் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாரும் இல்லைதான்.

இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து ஒரு உருண்டை வாயில் வைத்தார்.

மென்றார். மெல்வதை நிறுத்தினார். கண்ணை அகல விரித்துப் பூரணத்தம்மாவைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"அம்மா, இது வாயில வைக்க விளங்கல."

பூரணத்தம்மா விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"ஆமா," என்றார்.

"ருசி பாக்காமலே வச்சதுல்லா. ரெண்டு வருசமும் இப்படித்தான் இருந்திருக்குமோ?"

"இருந்திருக்கும்."

"தினமும் இதையா கொண்டுவந்து அவ முன்னால வச்சேன்?"

"எலி நல்ல எலியாப் போச்சு," என்றார் பூரணத்தம்மா.

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு வாய்விட்டு வந்தது. எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று அவருக்கே தெரியாது. கண்ணையும் மூக்கையும் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு, அந்த விளங்காத குழம்பையும் சோற்றையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். இலையை எடுத்து எதிர்வீட்டு மாட்டுக்குப் போட்டார். தரையைக் கழுவித் துடைத்தார்.

பூரணத்தம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நாளைக்கும் இலை போடலாமா?"

"தாராளமாப் போடுங்க. அஞ்சு நிமிசம். அப்புறம் நீங்க சாப்பிட்டுருங்க. பொறியில பழைய வடைய எடுத்துட்டுப் புது வடை வையுங்க."

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. அவ என்ன மன்னிச்சிருப்பாளா?"

"எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? நான் அவுகளப் பாத்ததுகூட இல்ல."

"குருன்னு உங்ககிட்டத்தான கேக்க முடியும்?"

"அவுகளத் தெரிஞ்ச ஆள்கிட்டக் கேளுங்க," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.



சனிக்கிழமை காலையில் பொறியில் ஒரு எலி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு பொறி இரவல் வாங்கி வைத்தார். மூன்றிலும் ஒவ்வொன்று. பசி வந்த எலிக்கு மசால்வடை அமிர்தமாகத் தெரிந்திருக்கிறது. பிடித்ததையெல்லாம் சைக்கிளில் கொண்டுபோய் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் திறந்துவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும், "போ, நீ ஒரு தப்பும் செய்யல," என்று சொல்லி அனுப்பினார். பார்த்தவர்கள் கண்டக்டருக்குக் கொஞ்சம் கழண்டுவிட்டது என்று நினைத்திருந்தால் அது அவர்கள் பாடு.

திங்கள்கிழமை பீரோவை நகர்த்தினார். பின்னால் சுவரில் மூன்று பொந்துகள் இருந்தன. கண்ணாடியை உடைத்து சிமெண்டில் குழைத்து, கை நோகத் திணித்து அடைத்தார். அன்று சாயங்காலம் இலை எடுத்த இடத்தில் மாவைத் தூவி வைத்துப் பார்த்தார். மறுநாள் காலையில் ஒரு கால்தடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை சம்பந்தியம்மா வந்தார். குனிந்து பார்த்தார், பீரோவைத் திறந்து பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். புதுசாக வாங்கி வைத்திருந்த தூளிச்சேலையை இரண்டு பக்கமும் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சரி," என்றார். "நாளைக்கு வளைகாப்பு முடிஞ்ச கையோட பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

கோமதிநாயகத்துக்கு அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.



புதன்கிழமை செண்பகம் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு வந்து இறங்கினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா இருந்தப்ப இருந்த மாதிரியே வச்சிருக்கியளேப்பா," என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு வருஷத்துக்குப் போதும்.

சாயங்காலம் வழக்கம்போல் சமைத்தார். இலை போட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்தார். செண்பகம் வெளியே சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம்ப்பா?"

"அஞ்சு நிமிசம்."

"ரொம்பப் பசிக்குப்பா."

"இதா, திறந்துரலாம்."

அவர் கை வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. யார்கிட்டயும் சொன்னதில்ல. ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்."

"சொல்லுங்க."

"உங்கம்மா போன அன்னைக்குக் காலைல, அவ ஊத்தின குழம்ப நான்," என்று ஆரம்பித்தார். முடியவில்லை. "தட்டத் தள்ளிட்டுப் போயிட்டேன். அதுதான் நான் அவள கடைசியாப் பாத்தது."

"தெரியும்ப்பா."

கோமதிநாயகம் திரும்பினார்.

"ஒனக்கு எப்படித் தெரியும்? நீ அன்னைக்கு ஹாஸ்டல்ல இருந்த."

"அம்மா போன் பண்ணினா. ஒரு பதினோரு மணி இருக்கும், நீங்க டூட்டிக்குப் போன பிறகு."

"ரெண்டு வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயேப்பா. இது உங்க மனசுல இப்படிக் கிடக்குன்னு எனக்கு என்ன தெரியும்?"

அவர் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னா?"

செண்பகம் வளையல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறிப்போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா தட்டத் தள்ளிட்டுப் போயிட்டாருடின்னா. ஆத்திரமாத்தான் சொன்னா. மனுசனுக்கு என்ன கொழுப்பு, மத்தியானம் வரட்டும் பேசிக்கிடுதேன்னு நெனச்சாளாம். அப்புறம் பசிக்குதேன்னு அதே குழம்ப ஊத்தித் தானும் ஒரு வாய் வச்சாளாம்."

"வச்சு?"

"வச்சுட்டு அவளே எந்திரிச்சுட்டாளாம். புளிய ரெண்டு தடவ கரைச்சு ஊத்திருக்கேன்டி, வாயில வைக்க முடியல, அந்த மனுசன் தள்ளாம என்ன செய்வாருன்னா. மத்தியானத்துக்கு வேற குழம்பு வச்சுட்டேன், வரட்டும், ஒண்ணும் தெரியாத மாதிரி ஊத்துதேன்னு சொல்லிச் சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"ரொம்ப நேரம்ப்பா."